கரை எவன் உடைமை?

"என் நிலம், என் கரை, என் நீர், இதிற் கேட்பதற்கு நீ யார்?" என்பது தனியார் நீர்நிலை வைத்திருப்போர் பலர்க்கு எளிதில் நாவில் வரும் விடை. வேலிக்கு இவ்விடை பொருந்தும், களத்துமேட்டிற்குப் பொருந்தும், வீட்டுக் கிணற்றுக்கும் ஒருவாறு பொருந்தும். ஓடையை மறித்து மண்ணால் எழுப்பிய கரைக்கு மட்டும் பொருந்தவே பொருந்தாது. வேலி சாய்ந்தால் உடையவன் ஆடு வெளியேறும். கரை சாய்ந்தால் அடுத்தவன் பிள்ளை அடித்துச் செல்லப்படும். கரையின் ஊதியம் மேலே இருப்பவனுக்கு; அதன் ஏதம் கீழே இருப்பவனுக்கு. ஊதியமும் ஏதமும் இவ்வாறு இருவேறு கைகளிற் பிரிந்து கிடக்கும் ஒரு பொருளை முழு உடைமை என்று எந்த அறநூல் ஒப்பும்?

இதனையடுத்து வரும் சொல், "சிறு கரைதானே!" என்பது. இது முன்னதினும் கொடிது. முதற்சொல் செருக்கு, இரண்டாஞ்சொல் அறியாமை. செருக்கைச் சட்டம் அடக்கும். அறியாமையோ சட்டத்தை எழுதுவார் மூளையிலேயே குடியேறி விடுகிறது. எவ்வாறு என்பது பின்னர்த் தெரியும்.

மண்கரை என்பது கற்சுவர் போன்ற செத்த பொருளன்று. அதனூடே நீர் எப்போதும் கசிந்து கொண்டேயிருக்கும். கசிவு தெளிவாக வருமளவும் கரை உயிரோடிருக்கிறது. கசிவு கலங்கி வரத் தொடங்கினால், நீர் கரையின் உள்மண்ணை அரித்துக் கொண்டு வருகின்றது என்று பொருள். எலியும் நண்டும் குடைந்த வளை ஒன்று போதும். பட்டுப்போன மரத்தின் மட்கிய வேர் விட்டுச் சென்ற துளை ஒன்று போதும். அதுவே நீருக்கு வழியாகிவிடும். வெளிச்சரிவு செங்குத்தாக நின்றால் ஈரங்கொண்ட மண் தன் எடை தாங்காது சரியும். எல்லாவற்றிற்கும் மேலாகக் கலிங்கு. மிகைநீர் கரைமேல் ஏறாமல் ஒருபுறமாக வழிந்தோடக் கலிங்கு வேண்டும். மண்கரையின் முகட்டில் ஏறி வழியும் நீர், ஓரிரு நாழிகையில் அதனை இரண்டாகப் பிளந்துவிடும். மதகு, தூம்பு, குமிழி, மடை, கலிங்கு, அலைகரை, உள்வாய் என்று ஒவ்வோர் உறுப்பிற்கும் தனிப்பெயர் வைத்த மொழியார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெயர் வைத்தவன் அதனைப் பார்த்தவன். பார்த்தவன் அதனைப் பேணியவன்.

சிறு கரை என்ன செய்யும் என்று கேட்பவர், அமெரிக்க நாட்டுச் சியார்சியா மாநிலத்தில் தொக்கோவா என்னும் ஊருக்கு மேலேயிருந்த கெல்லி பார்னசு அணையை எண்ணிப் பார்க்கட்டும். அதன் உயரம் ஏறத்தாழ 38 அடி. நீளம் ஏறத்தாழ 400 அடி. 1899-இல் சிறு மின்னாக்கத்திற்காகக் கல்லடுக்கி மரச்சட்டம் கோத்து ஒரு தடுப்பு எழுப்பினர். 1937-இல் அங்கிருந்த விவிலியக் கல்வி நிறுவனம் ஒன்று அவ்விடத்தின் உரிமையைப் பெற்று, அப்பழந் தடுப்பின் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையாக்கிற்று. பின்னர் மேலும் உயர்த்திற்று. 1957-இல் மின்னாக்கம் நின்றது. அதன்பின் அந்நீர் கண்ணுக்கினிய ஏரியாக, பொழுதுபோக்குக்காக நின்றது. ஊதியம் நின்ற பொருளை எவன் பேணுவான்? கரைமேல் மரங்கள் வளர்ந்தன. வெளிச்சரிவு, ஓரடி கிடைக்கு ஓரடி நிமிர்வு என்னும் அளவுக்குச் செங்குத்தாக நின்றது. 1973-இல் எடுத்த ஒளிப்படங்களில் அச்சரிவின் ஒரு பகுதி சரிந்து கிடந்தமை தெரிகின்றது. நான்கு ஆண்டுகள்! படம் பிடித்த கருவி கண்டதை மாந்தக் கண் காணவில்லை.

1977-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் முதற்கிழமையிற் பெய்த மழை ஏறத்தாழ 7 அங்குலம். அதுவும் நான்கு நாளில். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐப்பசி கார்த்திகையில் ஒரே இரவிற் பெய்யக்கூடிய மழை இது. நவம்பர் 6, பின்னிரவு ஒன்றரை மணிக்குக் கரை உடைந்தது. தேங்கியிருந்த நீர் ஏறத்தாழ 2 கோடியே 74 இலக்கம் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து நிற்கும்போது கொள்ளும் நீரில் இது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் எடையில் ஏழே முக்கால் இலக்கம் டன். அது 186 அடி உயர அருவியின் மேலிருந்து பாய்ந்து, கீழே உறங்கிக் கொண்டிருந்த கல்லூரி வளாகத்தின் மேல் விழுந்தது. மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தையும், இளங் குடும்பங்கள் வாழ்ந்த தகட்டு வீடுகளையும் வாரிச் சென்றது. 39 பேர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பலர்.

இங்கு ஒன்று கருதற்பாலது. அக்கல்லூரியார் கொடியவர் அல்லர். பிறர் தலையில் நீரை நிறுத்தித் தாம் பாதுகாப்பாக ஒதுங்கி வாழ்ந்தவரும் அல்லர். மாண்டவர் அவர்தம் மாணவரே. அவர்தம் ஆசிரியர் குடும்பத்தினரே. கரையும் அவருடையது, பிணமும் அவருடையது. நல்லெண்ணம் இருந்தது, அன்பு இருந்தது, இறைப்பற்று நிரம்ப இருந்தது. கரையைப் பார்க்கத் தெரிந்த ஒருவன் இல்லை. பார்த்து, "நீரை இறக்கு" என்று ஆணையிடும் உரிமை படைத்த ஒருவன் இல்லவே இல்லை. அந்நாளில் அம்மாநிலத்தில் அணைகளின் பாதுகாப்புக்கென ஒரு சட்டமும் இல்லை; அது 1978-இல், 39 பிணங்களுக்குப் பின், இயற்றப்பட்டது.

நடுவணரசுச் சட்டம் ஒன்று இருந்தது என்பதே இதிற் பெருங் கொடுமை. 1972-இல் மேற்கு வர்சீனியாவில் நிலக்கரிச் சுரங்கக் குழும்பு ஒன்றின் கழிவுக்கரை உடைந்து 125 பேர் மாண்டபின், நாட்டிலுள்ள அணைகளை எல்லாம் கணக்கெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவ்வாண்டே சட்டம் செய்தனர். கணக்கெடுத்தனர்; சோதிக்கவில்லை. பணம் ஒதுக்கவில்லை! பட்டியல் ஒன்று அணியமாயிற்று. கரைகள் பட்டியலில் இருந்தவாறே உடைந்தன. தொக்கோவாவின் பின்னரே குடியரசுத் தலைவர் கார்ட்டர் (அவர் அம்மாநிலத்தவர்) சோதனைக்கு ஆணையிட்டார். நான்கு ஆண்டுகளில், உடைந்தால் உயிர்க்கேடு விளைக்கக் கூடிய, நடுவணரசுக்கு உரியனவல்லாத ஏறத்தாழ 9,000 அணைகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிய வந்தது. மூன்றில் ஒன்று! உடையவர் ஒவ்வொருவரும் தம் கரை நன்றாகவே இருக்கிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தனர்.

அறியாமை செய்தது இது. அறிந்தே செய்ததைக் காண்பதற்கு அந்நாட்டிலேயே இன்னும் எண்பத்தெட்டு ஆண்டு பின்னே செல்லல் வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் சான்சுடவுன் என்னும் இரும்பாலை நகருக்கு 14 கல் தொலைவில், மேட்டில், சவுத்துபோர்க்கு அணை இருந்தது. 72 அடி உயரமும் 931 அடி நீளமும் கொண்ட அம்மண்ணணையைக் கால்வாய்ப் போக்குவரவுக்காக மாநில அரசு கட்டிற்று. அடியில் ஈரடி விட்டமுள்ள இரும்புக் குழாய்கள் ஐந்து இருந்தன. வேண்டும்போது நீரை இறக்குவதற்கு அவையே வழி. தொடர்வண்டி வந்தபின் கால்வாய் பயனற்றுப் போக, அணை தனியார் கைக்குக் கை மாறிற்று. 1875-இல் அதனை வாங்கிய இரெய்லி என்பார் பேராய உறுப்பினராக இருந்தவர். அவர் செய்த அருஞ்செயல் ஒன்றே ஒன்று: அடிக்குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றார். தூம்பில்லா ஏரி! எந்த உழவனிடம் சொன்னாலும் நகைப்பான்.

1879-இல் இரப் என்பார் அதனை வாங்கிச் செல்வர்க்கான மீன்பிடி மன்றம் ஒன்றற்கு உரியதாக்கினார். கார்னகி, பிரிக், மெல்லன், நாக்சு போன்ற பெருஞ்செல்வர் அம்மன்றத்தின் உறுப்பினர். முன்னரே ஒருமுறை உடைந்திருந்த பகுதியை மண், கல், புதர், வைக்கோல் என்று கிடைத்ததைக் கொண்டு அடைத்தனர். குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. செல்வர்தம் குதிரை வண்டிகள் எதிரெதிர் செல்ல வேண்டுமே! அதற்காகக் கரையின் முகட்டைச் சீவித் தாழ்த்தினர். விலைகொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிப் போகலாமோ? கலிங்கின் குறுக்கே இரும்பு வலை அடித்தனர். முகடு தாழ்ந்தது, கலிங்கு அடைந்தது, தூம்பு போயிற்று. கரையின் மூன்று உயிர்நிலைகளும் மூன்று சிறு ஆசைகளுக்காகப் போயின: சில்லறைக் காசு, வண்டி உலா, மீன்.

கீழிருந்தோர் வாளாவிருந்தனரோ எனின், இல்லை. 1880-இல் சான்சுடவுன் இரும்பாலையின் தலைவர் மொரல் என்பார், புல்ட்டன் என்னும் பொறிஞரை அனுப்பிக் கரையைப் பார்க்கச் செய்தார். நீரை இறக்க வழியில்லை. பழுதுபார்த்த முறை தகாது. கசிவு உளது என்று அவர் எழுதினார். மொரல் அதனை மன்றத்திற்கு அனுப்பினார். செவ்விதாகப் பழுதுபார்ப்பதாயின் செலவிற் பங்கேற்கவும் முன்வந்தார். இரப்பின் விடை: உங்களுக்கு எங்கள் ஏரியால் இடர் ஏதும் இல்லை. எவன் சொன்னான்? பொறிஞனா? இல்லை. உடையவன் சொன்னான்! கேட்டவருக்கோ உடையவன் மறுத்தால் மேலே முறையிட ஓர் இடமில்லை. கரையைக் கண்காணிக்கும் பொருட்டோ என்னவோ, மொரல் தாமே அம்மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1885-இல் அவர் மறைந்தார்.

1889 மே 31. பெருமழை. காலை முதலே நீர் ஏறிக் கொண்டிருந்தது. கரை முகட்டில் மண் அள்ளிப் போட்டனர். மறுபுறம் புதிய வழி ஒன்றை வெட்ட முயன்றனர். வலையை எடுக்கலாமா வேண்டாவா என்று வழக்காடினர். எடுக்கத் துணிந்தபோது குப்பையும் கட்டையும் செறிந்து அது அசைய மறுத்தது. பிற்பகலில் நீர் முகட்டின் மேல் ஏறிற்று; கரை போயிற்று. மாலை நான்கு மணி கடந்த சில நிமையங்களில் சான்சுடவுன் போயிற்று. 2,209 பேர். முழுக் குடும்பமாகவே அழிந்த வீடுகள் 99. அடக்கஞ் செய்யப்பட்டோருள் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் இன்னார் என்று அறியவே படவில்லை.

ஒரு செல்வரும் தண்டிக்கப்படவில்லை. வழக்கிட்டவர் தோற்றனர். மன்றத்தின் பெயரில் உடைந்த கரையைத் தவிரப் பெரும்பொருள் இல்லை; உறுப்பினர் கோடிப்பொருளர் ஆயினும் மன்றம் ஏழை! இத்தகைய சட்டத் தந்திரத்திற்கு மேலும் ஒரு போர்வை உண்டு. ஆங்கிலச் சட்டத்தார் அதனைக் 'கடவுள் செயல்' என்பர். குழாயைப் பெயர்த்தவன் மாந்தன்; முகட்டைச் சீவியவன் மாந்தன்; வலை அடித்தவன் மாந்தன்; பழி மட்டும் கடவுளுக்கு. கடவுளை நம்புவோரேனும் இதற்குச் சினந்தெழுந்திருக்க வேண்டாவா? கார்னகி பின்னர் அந்நகருக்கு ஒரு நூலகம் கட்டித் தந்தார் என்பதையும் சொல்லிவிடல் முறை. பொறிஞர் குமுகமோ, 1891-இல் வெளியிட்ட தன் அறிக்கையில், மாற்றங்கள் செய்யாதிருந்தாலும் அணை உடைந்தே இருக்கும் என்று எழுதிற்று. அவ்வறிக்கை பிழை, முகடு தாழ்த்தப்படாமலும் வழிகால்கள் முதலில் வகுத்தவாறும் இருந்திருப்பின் அன்றைய வெள்ளத்தை அணை தாங்கியிருக்கும் என்று 2016-இல் வெளிவந்த நீரியல் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. 125 ஆண்டு கழித்து!

பழங்கதை என்று தள்ளுவார்க்கு இரண்டு சொற்கள். அவாயித் தீவுகளுள் ஒன்றான கவாயில், கரும்புக்கு நீர் பாய்ச்ச 1890-இற் கட்டிய காலோக்கோ அணை, தனியார் உடைமையாயிருந்து, 2006 மார்ச்சு 14-இல் உடைந்து எழுவரைக் கொன்றது. அங்கும் கலிங்கு தூர்க்கப்பட்டிருந்தது என்பதே குற்றச்சாட்டு. அரசு அதனைச் சோதித்ததே இல்லை. 2018 மே 9 இரவு கென்யாவில் சோலாய் என்னும் இடத்தில் தனியார் தோட்டத்து மண்ணணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் பெறாத அணை என்று நீர்வளத் துறை உடைந்த பின்னர் அறிவித்தது.

இனிச் சட்டத்தின் நெறி. இங்கிலாந்தில் ஆலை உடையான் ஒருவன் தன் நிலத்தில் தேக்கிய நீர், பழஞ் சுரங்க வழியே புகுந்து அயலானின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. தப்பினால் கேடு செய்யும் பொருளைத் தன் நிலத்திற் கொணர்ந்து வைத்தவன், கவனக்குறைவு உண்டோ இல்லையோ, அக்கேட்டிற்குப் பொறுப்பாவான் என்று 1868-இற் பெருமக்களவை தீர்ப்பளித்தது. அறமான தீர்ப்பு. ஆறே ஆண்டில் அதே நாட்டின் மேல்முறையீட்டு மன்றத்தின்முன் சென்னை மாகாணத்து வழக்கு ஒன்று சென்றது. கார்வெட்டிநகர் நிலக்கிழாரின் ஏரிகள் மழையில் உடைந்து, சென்னைத் தொடர்வண்டிக் குழும்பின் பாலங்களை அடித்துச் சென்றன. குழும்பு இழப்பீடு கேட்டது. 1874-இல் தீர்ப்பு நிலக்கிழார் பக்கம் ஆயிற்று. ஏன்? இந்நாட்டு ஏரிகள் தொன்றுதொட்டு வருபவை; மக்கள் உயிர்வாழ்வு அவற்றைப் பற்றி நிற்கிறது; அவற்றைப் பேணுதல் நிலக்கிழாரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்; கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர்.

இத்தீர்ப்பைக் காட்டி, "பார்த்தீரா, கரை உடையவனுக்குப் பொறுப்பில்லை" என்பார் உளர். அவர் தீர்ப்பின் வாலைப் படித்துத் தலையை விட்டவர். நிலக்கிழாரைக் காத்தது அவர் உடைமை அன்று, அவர் கடமை. ஊர் உண்ண நீர் நிறுத்தியவனுக்குத் தந்த காப்பை, மீன் தப்பாமல் வலை அடித்தவன் எவ்வாறு கேட்பான்? இந்திய உச்சமுறைமன்றமே 1986-இல், கேடு விளைக்கும் தொழில் நடத்துவோர்க்கு முழுப்பொறுப்பு உண்டு, அங்குக் 'கடவுள் செயல்' என்னும் போர்வைக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. ஊருக்கு மேல் நீரைத் தொங்கவிடுவது நச்சுவளிக்கு எவ்வகையிற் குறைந்தது?

"அரசுக்குரிய ஏரிகள் உடையவில்லையா? 2023 திசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் எத்துணைக் கரைகள் போயின?" என்று கேட்பர். நல்ல கேள்வி. உடைந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் பெய்த மழை அது. அரசு உடையதானால் கரை தானே நிற்கும் என்று இங்கு எவரும் சொல்லவில்லை. உடையவனே சோதிப்பவனாக இருத்தல் ஆகாது என்பதே இங்குச் சொல்லப்படுவது. அது அரசுக்கும் ஒக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியம் என்று தனிக்குழு அமைத்து, அதன் உறுப்பினரை ஆண்டுதோறும் குடவோலையால் மாற்றியதைச் சொல்கின்றது. அது வேதியர் ஊரவை. குடிகள் எல்லார்க்கும் அதில் இடமிருந்ததில்லை. அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஏரியைப் பார்க்கும் பொறுப்பு ஆண்டுதோறும் கைம்மாறும் ஒரு குழுவினது, நிலைத்த ஒருவனது அன்று என்னும் தெளிவு ஆயிரத்து நூறாண்டுக்கு முன் இருந்தது.

இன்று? 2021-இல் இந்திய அரசு அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. தமிழ்நாடு அதனை எதிர்த்தது, மாநில உரிமையைப் பறிப்பது என்றது, அது சரியே. ஆனால் அச்சட்டம் எதனைப் பறித்தது என்பதோடு எதனை விட்டது என்பதையும் நோக்குக. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதன் கீழ் வரும். 10 முதல் 15 மீட்டர் வரையாயின், கரைநீளம் 500 மீட்டருக்குக் குறையாமை, கொள்ளளவு பத்து இலக்கம் கன மீட்டருக்குக் குறையாமை, வெள்ளப்போக்கு நொடிக்கு 2,000 கன மீட்டருக்குக் குறையாமை என்பவற்றுள் ஒன்றேனும் பொருந்த வேண்டும். அன்றேல் அடித்தளம் மிக இடர்ப்பாடானதாகவோ, வடிவமைப்பு வழக்கத்திற்கு மாறானதாகவோ இருத்தல் வேண்டும். 10 மீட்டருக்குக் கீழாயின் சட்டம் கண்ணை மூடிக் கொள்ளும்.

இப்போது கெல்லி பார்னசு அணையை இவ்வளவுகோலில் நிறுத்துக. உயரம் பதினொன்றரை மீட்டர் அளவு. கரைநீளம் 122 மீட்டர், 500 இல்லை. உடைந்த இரவில் தேங்கிநின்ற நீர் 7,77,000 கன மீட்டர். பத்து இலக்கம் இல்லை. உடைந்து பாய்ந்தபோது கூட நொடிக்கு 2,000 கன மீட்டர் இல்லை. அடித்தளக் குறையையும் வடிவமைப்புக் குறையையும் சோதித்தவனே அறிவான். சோதிக்க வேண்டியது என்று சட்டம் சொன்னாலன்றிச் சோதிப்பவன் வாரான். 39 பேரைக் கொன்ற அணை, இந்திய அரசின் அளவுக்கோடுகள் அனைத்தினும் நுழைந்து தப்பிவிடும்! உயரத்தை அளக்கத் தெரிந்த சட்டத்திற்குக் கீழே எத்தனை வீடு என்று எண்ணத் தெரியவில்லை. கரையின் ஏதம் கரையில் இல்லை. கரைக்குக் கீழுள்ள படுக்கைகளில் இருக்கிறது.

நடுவணரசு விட்டதைத் தமிழ்நாட்டரசு எடுக்கலாம். நீர்த்தேக்கமும் கரையும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், 17-ஆம் இனமாக உள்ளன. எவரிடமும் இசைவு வேண்டி நிற்க வேண்டுவதில்லை. மலைத் தோட்டத்தில் ஓடையை மறித்தவன், பண்ணையிற் குளம் உயர்த்தியவன், விருந்தில்லத்தின் அழகுக்கு நீர் நிறுத்தியவன் ஆகிய ஒவ்வொருவனும், கரை எத்துணைத் தாழ்ந்ததாயினும், கீழே ஒரு குடும்பம் இருக்குமாயின், அதனைப் பதிவு செய்தல் வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அவனுக்குக் கட்டுப்படாத பொறிஞர் ஒருவர் அதனைப் பார்த்தல் வேண்டும். கலிங்கை அடைப்பதும் தூம்பைப் பெயர்ப்பதும் குற்றமாதல் வேண்டும். பார்த்தவர் எழுதிய அறிக்கை உடையவன் பெட்டியிற் பூட்டப்படாமல், கீழூரின் ஊராட்சி அலுவலகத்தில், யாவரும் படிக்குமாறு, தமிழில், ஒட்டப்படல் வேண்டும். புல்ட்டன் எழுதிய அறிக்கை சான்சுடவுனின் தெருக்களில் ஒட்டப்பட்டிருக்குமாயின், இரப் தந்த விடையை அந்நகர மக்கள் ஒன்பது ஆண்டு ஏற்றுக் கொண்டிருப்பாரோ?